நீர் அளக்கும் திண்மங்கள்

ஒரு பொருள் எத்தகையது என்பதை அதன் தோற்றம் பல வேளைகளில் மறைத்துவிடுகிறது. பொன்முலாம் பூசிய வெள்ளியும் பொன்னாகவே மின்னும். சிவப்பு நிறக் கண்ணாடித் துண்டும் மாணிக்கம் போலவே ஒளிரும். நிறத்தையும் பளபளப்பையும் செயற்கையாக உண்டாக்கிவிடலாம். ஆனால், ஒரு பொருள் தான் அடைத்துக்கொள்ளும் இடத்துக்குள் எவ்வளவு நிறையைக் கொண்டுள்ளது என்னும் கணக்கை எளிதில் மாற்ற இயலாது. அக்கணக்கே அடர்த்தி எனப்படுகிறது. பொருளை உடைக்காமலும் உருக்காமலும் சுரண்டாமலும் அதன் உள்ளியல்பை அறிய உதவும் மிகப் பழைய வழிகளுள் அடர்த்தியை அளத்தலும் ஒன்று.

அளவுகோல் நிற்கும் இடம்

ஒரு பொருளின் நிறையை அதன் பருமனால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி.

அடர்த்தி = நிறை ÷ பருமன்

ஒரு கன சென்டிமீட்டர் இடத்தை நீர் நிரப்பினால் அதன் நிறை ஏறத்தாழ 1 கிராம். அதே இடத்தை அலுமினியம் நிரப்பினால் 2.70 கிராம், இரும்பு நிரப்பினால் 7.87 கிராம், செம்பு 8.96 கிராம், வெள்ளி 10.5 கிராம்; ஈயம் 11.3 கிராம், தங்கம் 19.3 கிராம். தூய பொருள் ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட வெப்பநிலையில் அடர்த்தி மாறாதது. பொருள் சிறிதாயினும் பெரிதாயினும், கம்பியாயினும் கட்டியாயினும் இந்த எண் ஒன்றே.

இவ்விரு அளவுகளுள் நிறையைக் காண்பது எளிது. எவ்வடிவப் பொருளையும் தராசில் வைத்து நிறுத்துவிடலாம். பருமனைக் காண்பதில்தான் இடர்ப்பாடு எழுகிறது. பொருள் கனச்சதுரமாக இருந்தால் ஒரு பக்கத்தை அளந்தால் போதும். உருளையாக இருந்தால் ஆரமும் உயரமும் வேண்டும். கோளமாக இருந்தால் விட்டம் வேண்டும். ஆற்றில் கிடைத்த கூழாங்கல்லுக்கும், கடற்கரைச் சங்குக்கும், வேலைப்பாடு மிக்க மோதிரத்துக்கும் எந்த வாய்பாட்டைப் பயன்படுத்துவது? தராசு வடிவத்தைக் கேட்பதில்லை. அளவுகோலோ வடிவத்தையே முதலில் கேட்கிறது. ஆகவே, ஒழுங்கற்ற திண்மத்தின் அடர்த்தியை அளப்பது என்பது, உண்மையில் வடிவத்தைப் பொருட்படுத்தாமல் பருமனை அளக்கும் வழியைத் தேடுவதே ஆகும்.

இடம்பெயரும் நீர்

நீருக்குத் தனக்கென ஒரு வடிவம் இல்லை. தன்னுள் அமிழ்ந்த பொருளின் மேடு பள்ளங்கள் அனைத்தையும் அது ஒட்டிச் சூழ்ந்துகொள்கிறது. மேலும், நீரும் திண்மமும் ஒரே இடத்தில் ஒருங்கே இருக்க இயலாது. எனவே, முழுதும் அமிழ்ந்த திண்மம் தன் பருமனுக்குச் சமமான நீரை அவ்விடத்தைவிட்டு அகற்றுகிறது. அகன்ற நீரை அளந்தால் திண்மத்தின் பருமன் கிடைத்துவிடும்.

இதற்கு அளவுச்சாடி ஒன்று போதும். 53.0 கிராம் நிறையுள்ள கருங்கல் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாடியில் 50 மி.லி. அளவுக்கு நீர் உள்ளது. நூலில் கட்டிய கல்லை மெல்ல இறக்கினால் நீர்மட்டம் 70 மி.லி. வரை உயர்கிறது. ஒரு மில்லிலிட்டர் என்பது ஒரு கன சென்டிமீட்டர். ஆகவே, கல்லின் பருமன் 20 கன செ.மீ.; அதன் அடர்த்தி 53.0 ÷ 20 = 2.65 கி/செ.மீ³.

பொருள் சாடிக்குள் நுழையாத அளவுக்குப் பெரிதாக இருந்தால், பக்கத்தில் குழாய் பொருத்திய வழிந்தோடும் கலத்தைப் பயன்படுத்தலாம். குழாயின் வாய்மட்டம் வரை நீர் நிரப்பிப் பொருளை அமிழ்த்தினால் வெளியேறும் நீரைத் தனியே பிடித்து அளக்கலாம்.

கண்ணின் எல்லை

இம்முறை எளியது, ஆனால் நுட்பமானதன்று. மேற்கண்ட கணக்கில் 2.65 என்று எழுதிய விடையை எவ்வளவு தூரம் நம்பலாம்? சாடியின் ஒரு பிரிவு 1 மி.லி. எனில், ஒவ்வோர் அளவீட்டிலும் அரைப் பிரிவு அளவுக்குப் பிழை நேரலாம். தொடக்க அளவில் 0.5 மி.லி., இறுதி அளவில் 0.5 மி.லி. எனப் பிழைகள் சேர்ந்தால் பருமன் 19 முதல் 21 கன செ.மீ. வரை எதுவாகவும் இருக்கக்கூடும். அப்போது அடர்த்தி 2.79 முதல் 2.52 வரை மாறுகிறது. இவ்விடைவெளிக்குள் அலுமினியத்தின் அடர்த்தியும் அடங்கிவிடுகிறது. நிறையை எவ்வளவு துல்லியமாகக் கண்டாலும் பருமனில் உள்ள ஐந்து விழுக்காட்டுப் பிழையை அது ஈடுசெய்யாது.

இப்பிழைக்குக் காரணங்கள் பல. கண்ணாடிச் சுவரை ஒட்டிய நீர் சற்றே மேலேறுவதால் நீர்ப்பரப்பு பிறைபோல் வளைந்து நிற்கிறது. அவ்வளைவின் அடிப்பகுதியைக் கண்ணுக்கு நேர்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்தோ கீழிருந்தோ நோக்கினால் இடமாறு தோற்றப்பிழை உண்டாகும். கல்லின் பிளவுகளில் சிக்கிய காற்றுக்குமிழ்கள் பருமனை மிகுத்துக் காட்டும். கல்லை வேகமாகப் போட்டால் தெறிக்கும் நீர் பருமனைக் குறைத்துக் காட்டும். வழிந்தோடும் கலத்திலோ, குழாயின் நுனியில் தொங்கிநிற்கும் துளிகளே பிழைக்குக் காரணமாகும். இவற்றைக் கவனத்தால் குறைக்கலாம். ஆயினும், நீர்மட்டத்தைக் கண்ணால் காணும்வரை அகன்ற பரப்பில் நேரும் சிறிய உயர்வு தெளிவாகத் தெரியாது. இவ்வுண்மையை உலகறிந்த ஒரு கதையைக் கொண்டே விளக்கலாம்.

மணிமுடியும் தராசும்

சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரை ஆண்ட இரண்டாம் ஹையரோன், மணிமுடி செய்வதற்காகப் பொற்கொல்லரிடம் தங்கம் அளித்தார் என்றும், முடி வந்தபின் அதில் வெள்ளி கலந்திருப்பதாக ஐயுற்று ஆர்க்கிமிடிசிடம் ஆராயச் சொன்னார் என்றும் கூறுவர். நீராடும்போது தொட்டியிலிருந்து நீர் வழிவதைக் கண்ட ஆர்க்கிமிடிஸ், முடியும் அதே நிறையுள்ள தங்கமும் வெள்ளியும் வெளியேற்றும் நீரை ஒப்பிட்டுக் கலப்படத்தைக் கண்டறிந்தார் என்பது கதை. இதனை எழுதிவைத்தவர் ஆர்க்கிமிடிசுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த உரோமானியக் கட்டடக்கலை வல்லுநர் விட்ருவியஸ். மிதக்கும் பொருள்களைப் பற்றி ஆர்க்கிமிடிஸ் எழுதிய நூலில் இம்முடியைப் பற்றிய குறிப்பு இல்லை.

கதையில் கூறிய முறையால் கலப்படம் வெளிப்பட்டிருக்குமா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முடியின் நிறை 1000 கிராம் எனவும், அதில் 300 கிராம் தங்கத்துக்கு ஈடாக வெள்ளி சேர்க்கப்பட்டது எனவும் கொள்வோம். தூய தங்கமாயின் முடியின் பருமன் 1000 ÷ 19.3 = 51.8 கன செ.மீ. கலப்பட முடியிலோ தங்கம் 36.3 கன செ.மீ. இடத்தையும், வெள்ளி 28.6 கன செ.மீ. இடத்தையும் அடைத்துக்கொள்ளும். இவற்றின் கூடுதல் ஏறத்தாழ 64.8 கன செ.மீ. ஆகவே, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 13 கன செ.மீ.

முடியைத் தன்னுள் கொள்ளும் கலத்தின் வாய் 20 செ.மீ. விட்டம் உடையது எனில், அதன் பரப்பு 314 சதுர செ.மீ. 13 கன செ.மீ. நீர் அப்பரப்பில் விரிந்தால் மட்டம் 0.4 மி.மீ. அளவே உயரும். நீர்ப்பரப்பின் வளைவும் துளிகளின் ஒட்டுதலும் உண்டாக்கும் பிழையே இவ்வளவு இருக்கக்கூடும். ஒரு மனிதரின் நேர்மையைத் தீர்மானிக்க இச்சிறு உயர்வு போதிய சான்றாகாது.

இப்போது முடியைத் தராசின் ஒரு கையிலும், அதே எடையுள்ள தூய தங்கக் கட்டியை மறுகையிலும் தொங்கவிடுவோம். காற்றில் தராசு சமநிலையில் நிற்கும். இரண்டையும் ஒருசேர நீரில் அமிழ்த்தினால், மிகுந்த பருமனுடைய முடியை நீர் மிகுந்த விசையுடன் மேல்நோக்கித் தள்ளும். தங்கக் கட்டி தொங்கும் பக்கம் 13 கிராம் அளவுக்குத் தாழும். சந்தையில் பொருள் நிறுக்கும் எளிய தராசும் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிவிடும். கண்ணுக்குப் புலப்படாத 0.4 மி.மீ. உயர்வு, தராசில் 13 கிராம் சாய்வாக மாறுகிறது.

இத்தாலிய அறிவியலாளர் கலிலியோ 1586ஆம் ஆண்டில், தம் இருபத்திரண்டாம் அகவையில், இக்கருத்தையே சிறு நூலாக எழுதினார். வழிந்த நீரை அளப்பது நுட்பமற்ற முறை என்றும், ஆர்க்கிமிடிஸ் தம் மிதப்பு விதியையும் நெம்புகோல் விதியையும் இணைத்தே உண்மையைக் கண்டிருப்பார் என்றும் அவர் கருதினார். தராசின் கையில் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றி, அச்சுற்றுகளை எண்ணியே எடை தொங்கும் இடத்தை நுட்பமாக அறியும் கருவியையும் அவர் விளக்கினார்.

கலிலியோவுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே, இந்தியாவைப் பற்றிய பெருநூலை எழுதியவராகிய அல்பெருனி, உலோகங்களையும் மணிக்கற்களையும் ஆராய்ந்து அவற்றின் ஒப்படர்த்தியைக் கண்டிருந்தார். பக்கக்குழாய் பொருத்திய கூம்புவடிவக் கலத்தை அவர் பயன்படுத்தினார். வழிந்த நீரைக் கண்ணால் அளக்காமல் எடைபோட்டார். அவருடைய முறையை அல்காசினி தராசு பற்றி 1121ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் விளக்கியுள்ளார். பருமனைப் பார்ப்பதைவிட நிறுப்பதே நுட்பமானது என்னும் தெளிவு வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில் வாழ்ந்த இவ்வறிஞர்கள் அனைவரிடமும் காணப்படுகிறது.

எடையிழப்பால் அளத்தல்

பாய்மத்தில் அமிழ்ந்த பொருள், தான் வெளியேற்றிய பாய்மத்தின் எடைக்குச் சமமான மேல்நோக்கு விசையைப் பெறுகிறது என்பது ஆர்க்கிமிடிஸ் தத்துவம். அதனால் பொருளின் எடை குறைந்ததுபோல் தோன்றுகிறது. இந்த எடையிழப்பைப் பாய்மத்தின் அடர்த்தியால் வகுத்தால் பொருளின் பருமன் கிடைக்கும். தராசுகள் எடையையும் கிராம் அளவிலேயே காட்டுவதால், இங்கு எடையிழப்பும் கிராமிலேயே குறிக்கப்படுகிறது.

முன்னர்க் கண்ட கருங்கல்லை மீண்டும் எடுத்துக்கொள்வோம். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் அதன் நிறை 53.00 கிராம். நூலில் தொங்கவிட்டு நீரில் முழுதும் அமிழ்த்தியபோது தராசு 33.00 கிராம் காட்டுகிறது. எடையிழப்பு 20.00 கிராம். இதில் நேரக்கூடிய பிழை 0.02 கிராம், அதாவது, ஆயிரத்தில் ஒரு பங்கு. அளவுச்சாடியில் நேர்ந்த பிழையில் ஐம்பதில் ஒரு பங்கே இது.

இவ்வளவு நுட்பமாக அளக்கும்போது முன்பு புறக்கணித்த ஒன்றையும் கருத வேண்டியதாகிறது. நீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியசில் மட்டுமே ஏறத்தாழ 1.000 கி/செ.மீ³. 30 டிகிரியில் அது 0.9957 ஆகக் குறைகிறது. ஆய்வறையின் நீர் 30 டிகிரியில் இருந்தால் கல்லின் பருமன் 20.00 ÷ 0.9957 = 20.09 கன செ.மீ.; அடர்த்தி 2.64 கி/செ.மீ³. எனவே, இம்முறையைக் கையாள்வோர் நீரின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தொங்கவிடும் கொக்கி இல்லாத சாதாரண மின்னணுத் தராசைக் கொண்டும் இவ்வாய்வைச் செய்யலாம். நீருள்ள முகவையைத் தராசின்மீது வைத்து, அளவைச் சுழியாக்க வேண்டும். பின்னர், நூலில் கட்டிய கல்லை முகவையின் அடியையும் சுவரையும் தொடாதவாறு நீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு இப்போது 20.00 கிராம் காட்டும். நீர் கல்லை மேல்நோக்கித் தள்ளும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, கல்லும் அதே விசையுடன் நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அவ்விசையையே தராசு காட்டுகிறது. கல்லின் எஞ்சிய எடையை நூல் தாங்கிக்கொள்கிறது. கல் அடியைத் தொட்டுவிட்டால் அந்த எடையும் தராசின்மீது சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

மணிக்கல் ஆய்வில் இம்முறையின் பயன் பெரிது. மாணிக்கத்தின் அடர்த்தி ஏறத்தாழ 4.0, அதனைப் போலவே சிவந்து ஒளிரும் ஸ்பைனல் என்னும் கல்லின் அடர்த்தி ஏறத்தாழ 3.6. பிரித்தானிய அரச மணிமுடியில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்னும் பெயரோடு விளங்கும் புகழ்பெற்ற கல்லும் உண்மையில் ஸ்பைனலே. 2 கிராம் நிறையுள்ள தனிக்கல் ஒன்று நீரில் 0.50 கிராம் இழந்தால் அது மாணிக்கமாகலாம், ஏறத்தாழ 0.56 கிராம் இழந்தால் ஸ்பைனலாகலாம். இந்த 0.06 கிராம் வேறுபாட்டை நுண்தராசு எளிதில் காட்டும். அளவுச்சாடியிலோ அது ஒரு துளி நீராக மறைந்துபோகும்.

மிதப்பனவும் கரைவனவும்

நீரில் மிதக்கும் மரத்துண்டும் தக்கையும் தாமாக அமிழா. அவற்றோடு கனமான இரும்புக் குண்டு ஒன்றைக் கட்டி அமிழ்த்தலாம். 24 கிராம் நிறையுள்ள மரத்துண்டை எடுத்துக்கொள்வோம். இரும்புக் குண்டு மட்டும் நீரில் இருக்கும்போது தராசு 70 கிராம் காட்டுகிறது. மரமும் குண்டும் சேர்ந்து நீரில் இருக்கும்போது 54 கிராம் காட்டுகிறது. மரத்தைச் சேர்த்தபின் தராசின் அளவு குறைந்தது வியப்பாகத் தோன்றலாம். மரத்தின் எடையைவிட அதன்மேல் செயல்படும் மிதப்பு விசை மிகுதியாக இருப்பதால் அது குண்டையும் மேல்நோக்கி இழுக்கிறது. மரத்தின் எடையிழப்பு 24 + 70 − 54 = 40 கிராம். ஆகவே, அதன் பருமன் ஏறத்தாழ 40 கன செ.மீ.; அடர்த்தி 0.6 கி/செ.மீ³. மரம் நீரை உறிஞ்சும் இயல்புடையது. அதனால், அதன்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இட்டு விரைவாக அளப்பது நல்லது.

கற்கண்டும் உப்புக்கல்லும் நீரில் கரையும் இயல்புடையன. அவற்றைக் கரைக்காத மண்ணெண்ணெய் போன்ற நீர்மத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 31.8 கிராம் கற்கண்டு, 0.80 கி/செ.மீ³ அடர்த்தியுள்ள மண்ணெண்ணெயில் 16.0 கிராம் எடையை இழந்தால், அதன் பருமன் 16.0 ÷ 0.80 = 20.0 கன செ.மீ.; அடர்த்தி 1.59 கி/செ.மீ³. நீரின் இடத்தில் வேறு நீர்மம் வந்தால் அதன் அடர்த்தியை முன்னதாகவே கண்டறிந்திருக்க வேண்டும் என்பதே இங்கு மறவாமல் கொள்ள வேண்டியது.

மனித உடலின் அடர்த்தி

வடிவ ஒழுங்கற்ற பொருள்களுள் மனித உடலும் ஒன்று. கொழுப்பின் அடர்த்தி ஏறத்தாழ 0.9, தசை, எலும்பு முதலிய ஏனையவை சேர்ந்த பகுதியின் அடர்த்தி ஏறத்தாழ 1.1. ஆகவே, உடலின் சராசரி அடர்த்தியைக் கண்டால் அதில் கொழுப்பின் பங்கை மதிப்பிடலாம். அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே, மனிதரை நீருக்குள் அமர்த்தி எடைபோட்டு இம்மதிப்பீட்டைச் செய்தார். உயரத்துக்கு மிஞ்சிய எடையுடையோர் எனப் படைப்பணிக்குத் தகுதியற்றவராகக் கருதப்பட்ட கால்பந்தாட்ட வீரர்கள் பலரின் உடலில் மிகுந்திருந்தது தசையே அன்றிக் கொழுப்பன்று என்பதை 1942இல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. தராசு மட்டும் தந்த தீர்ப்பை அடர்த்தி திருத்தியது.

இவ்வாய்வில் ஒரு சிக்கல் உண்டு. மூச்சை முழுவதும் வெளியேற்றினாலும் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று எஞ்சியிருக்கும். அக்காற்றின் பருமனைத் தனியே கண்டு கழிக்காவிட்டால் உடலின் அடர்த்தி குறைவாகத் தோன்றும். உள்ளே வெற்றிடமோ காற்றோ உடைய எந்தப் பொருளை அளக்கும்போதும் இவ்வினா எழுகிறது: பொருளின் பருமன் என்பது அதன் உள்ளிருக்கும் வெற்றிடத்தையும் சேர்த்ததா, சேர்க்காததா?

ஒரு பொருளுக்கு இரு பருமன்கள்

செங்கல்லை நீரில் அமிழ்த்தினால் குமிழ்கள் வெளிவருவதைக் காணலாம். நீர் அதன் நுண்துளைகளுக்குள் புகுந்து காற்றை வெளியேற்றுகிறது. செங்கல்லின் புறத்தோற்றத்துக்குள் அடங்கிய முழு இடம் ஒரு பருமன்; துளைகளை நீக்கி, மண்துகள்கள் மட்டும் அடைத்துள்ள இடம் மற்றொரு பருமன். முன்னதைக் கொண்டு கணக்கிட்டால் மொத்த அடர்த்தியும், பின்னதைக் கொண்டு கணக்கிட்டால் துகள் அடர்த்தியும் கிடைக்கும். இரண்டையும் அறிந்தால், பொருளில் எத்தனை விழுக்காடு வெற்றிடம் உள்ளது என்பதையும் அறியலாம்.

துளைகளுக்குள் நுழையாத ஒன்றைக் கொண்டு அளந்தால் மொத்தப் பருமன் கிடைக்கும். மெழுகு பூசிய பொருளை நீரில் அமிழ்த்தலாம். அல்லது, பொருளை நுண்மணலால் சூழலாம். துளைகளுக்குள் முற்றிலும் நுழையக்கூடிய ஒன்றைக் கொண்டு அளந்தால் துகள்களின் பருமன் கிடைக்கும். இதற்கு மிகவும் ஏற்றது ஹீலியம். அதன் அணுக்கள் மிகச் சிறியவை. எதனோடும் எளிதில் வினைபுரியாதவை.

வாயுவைக் கொண்டு பருமனை அளக்கப் பாயில் விதி உதவுகிறது. 100 கன செ.மீ. கொள்ளளவுடைய மூடிய அறைக்குள் பொருளை வைத்து, 180 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் ஹீலியத்தை நிரப்புவதாகக் கொள்வோம். பின்னர், வெற்றிடமாக்கிய மற்றொரு 100 கன செ.மீ. அறைக்கு வாயிலைத் திறந்துவிட்டால் வாயு பரவி அழுத்தம் 80 கிலோபாஸ்கலாகக் குறைகிறது. வெப்பநிலை மாறாதபோது அழுத்தமும் பருமனும் பெருகிய தொகை மாறாது. பொருளின் பருமன் ‘ப’ எனில், 180 × (100 − ப) = 80 × (200 − ப). இதனைத் தீர்த்தால் ‘ப’ 20 கன செ.மீ. என்பது பெறப்படும். ஒரு துளி நீரும் படாமல், அழுத்தத்தின் அளவு ஒன்றைக் கொண்டே பொருளின் பருமன் வெளிப்பட்டுவிடுகிறது.

விண்கல்லும் சிறுகோளும்

விண்வெளியிலிருந்து புவியில் விழும் விண்கற்கள் கிடைத்தற்கு அரியவை. அவற்றை நீரில் அமிழ்த்தினால் அவற்றிலுள்ள இரும்பு துருப்பிடிக்கும். நீரிலுள்ள பொருள்களும் கல்லுக்குள் புகுந்துவிடும். வத்திக்கான் வானாய்வகத்தின் கை கன்சல்மாக்னோவும், அவருடன் ஆய்வு செய்த டேனியல் பிரிட்டும் இதற்கு எளிய தீர்வு ஒன்றைக் கையாண்டனர். மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்களவே உள்ள மிக நுண்ணிய கண்ணாடி மணிகளை அவர்கள் நீருக்கு மாற்றாகப் பயன்படுத்தினர். மணிகளால் மட்டும் நிரம்பிய கலத்தின் நிறையை முதலில் காண்பர். பின்னர், கலத்துக்குள் விண்கல்லை வைத்து, அதனைச் சுற்றிலும் மணிகளால் நிரப்பி மீண்டும் நிறுப்பர். விண்கல் இடம்பெற்றதால் கலத்தில் குறைந்துபோன மணிகளின் நிறையிலிருந்து கல்லின் பருமன் பெறப்படும். மணிகளைத் துடைத்து எடுத்துவிட்டால் கல் பழையபடியே இருக்கும். ஆர்க்கிமிடிஸ் பெயரால் வழங்கும் கருத்தே இங்கு நீரின்றிச் செயல்படுகிறது.

இவ்வளவுகள் விண்வெளி ஆய்வுக்குத் துணைபுரிகின்றன. சிறுகோள் ஒன்றின் நிறையை, அருகில் செல்லும் விண்கலத்தின் பாதை அதன் ஈர்ப்பால் எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து கணிக்கலாம். அதன் ஒழுங்கற்ற வடிவத்தைப் பல கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து பருமனாக மாற்றலாம். 1997ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் நியர் விண்கலம் மெதில்டு என்னும் சிறுகோளைக் கடந்தபோது, அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.3 கி/செ.மீ³ எனத் தெரியவந்தது. 2005இல் ஜப்பானின் ஹயபூசா விண்கலம் ஆராய்ந்த இடோகாவா சிறுகோளின் அடர்த்தி ஏறத்தாழ 1.9. அதிலிருந்து கொண்டுவரப்பட்ட துகள்களை ஒத்த விண்கற்களின் அடர்த்தியோ ஏறத்தாழ 3.2. ஒரே வகைப் பாறைக்கு ஏன் இந்த வேறுபாடு? இடோகாவா முழுப் பாறை அன்று. ஈர்ப்பால் தளர்வாகச் சேர்ந்த கற்குவியல். அதன் இடத்தில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு வெற்றிடம்.

இச்செய்தி புவியின் பாதுகாப்போடும் தொடர்புடையது. புவியை நோக்கிச் சிறுகோள் ஒன்று வருமானால் அதன்மீது விண்கலத்தை மோதச் செய்து பாதையை மாற்ற இயலுமா என்பதை அறிய, 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்னும் சிறுகோள்மீது மோதவிடப்பட்டது. தன் முதன்மைச் சிறுகோளை அது சுற்றும் காலம் அரை மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. இத்தகைய மோதலின் விளைவு, மோதப்படுவது கெட்டிப் பாறையா, வெற்றிடம் மிகுந்த கற்குவியலா என்பதையும் பொறுத்தது. ஆய்வறையில் ஒரு விண்கல்லைச் சுற்றி நிரப்பப்படும் மணிகள், அத்தகைய கணிப்புக்கு அடிப்படையான எண்களைத் தருகின்றன.

அடர்த்தி சொல்லாதவை

அடர்த்தி நல்ல சான்று. எனினும் அது ஒன்றே முடிவான சான்று அன்று. 22 காரட் தங்கத்தில் 91.6 விழுக்காடு தங்கம் உள்ளது. எஞ்சியதெல்லாம் செம்பு எனக் கொண்டு, பருமன்கள் அப்படியே கூடும் என வைத்துக் கணக்கிட்டால் அடர்த்தி ஏறத்தாழ 17.6, எஞ்சியது வெள்ளியானால் ஏறத்தாழ 18.0. மாற்று ஒன்றாயினும் அடர்த்தி வேறுபடுகிறது. நகையின் உட்கூட்டில் அரக்கோ காற்றோ அடைபட்டிருந்தால், தூய தங்கமும் கலப்படம்போல் தோன்றும். டங்ஸ்டனின் அடர்த்தி ஏறத்தாழ 19.3, அதாவது தங்கத்தின் அடர்த்தியே. டங்ஸ்டனை உள்ளே வைத்து மேலே தங்கம் போர்த்திய கட்டியை நீர்த்தராசு பிரித்தறியாது. உரைகல்லோ மேற்பரப்பை மட்டுமே காட்டும். எனவே, இவற்றோடு ஒலியின் வேகம், மின்கடத்துதிறன், எக்ஸ் கதிர் ஆய்வு போன்ற பிற சான்றுகளும் வேண்டப்படுகின்றன.

அடர்த்தி எதிர்பார்த்த எண்ணோடு பொருந்தவில்லை எனில், ‘இது தூய பொருள் அன்று, அல்லது உள்ளே வெற்றிடம் உண்டு’ என உறுதியாகக் கூறலாம். பொருந்தினால், ‘இது அப்பொருளாக இருக்கக்கூடும்’ என மட்டுமே கூறலாம். மறுக்கும் சான்றுக்கும் உறுதிசெய்யும் சான்றுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை உணர்வது அறிவியல் சிந்தனையின் இன்றியமையாத பகுதி.

நீர், மண்ணெண்ணெய், கண்ணாடி மணி, ஹீலியம் என அளக்கும் ஊடகம் மாறினாலும் அடிப்படைக் கருத்து ஒன்றே: திண்மத்தின் வடிவத்தை மனிதர் அளக்க வேண்டியதில்லை, வடிவமற்ற ஒன்று அதனைச் சூழ்ந்து அளந்து தரும். ஆனால், எதனைக் கொண்டு சூழ்வது, சூழ்ந்ததை எவ்வாறு அளப்பது, கிடைத்த எண்ணை எவ்வளவு நம்புவது என்பனவற்றை அளப்பவரே தீர்மானிக்க வேண்டும். ஒரு பொற்கொல்லரின் நேர்மை முதல் ஒரு சிறுகோளின் உள்ளமைப்பு வரை, தீர்ப்பின் தகுதி அம்மூன்று முடிவுகளின் தகுதியைப் பொறுத்தே அமைகிறது.